குப்பியில் அடைத்த வேகம்
மோட்டார் சைக்கிள் பந்தயமும் ஆடவர் வாசனைத் திரவியமும் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

தமிழிலே விமரிசன உணர்வின் தொன்மை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது மணம் பற்றிய ஒரு விவாதத்தையே. பாண்டியனின் அவையிலே தருமி கொண்டுவந்த பாடலை நக்கீரர் மறுத்த கதையைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கின்றது. மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையாகவே அமைவதா, அன்றிப் பூவும் பூச்சும் சேர்வதனால் உண்டாவதா என்பதே அங்கு எழுந்த வினா. இறைவனே எதிர்நின்றபோதும் நக்கீரர் தம் கருத்தினின்றும் பெயரவில்லை என்பதைப் புலமையின் துணிவுக்குச் சான்றாகக் காட்டுதல் நம்மவர் வழக்கம். அத்துணிவைப் போற்றும் நாம், அவர் எழுப்பிய வினாவை அத்துணை பொருட்படுத்துவதில்லை. ஒரு பொருளினின்றும் வருவதாகச் சொல்லப்படும் மணம் மெய்யாகவே அப்பொருளுக்கு உரியதா, அல்லது வேறெங்கிருந்தோ கொணர்ந்து அதன்மீது ஏற்றப்பட்டதா என்பது இன்றும் கேட்கத்தக்க கேள்வியேயாகும். மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் பெயரால் ஆடவருக்கு விற்கப்படும் வாசனைத் திரவியங்களை முன்வைத்து அக்கேள்வியை மீண்டும் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே வாசனைக் குப்பியைப் பற்றி எழுதுவதற்கு என்ன நியாயம் உண்டு எனச் சிலர் வினவக்கூடும். கவிதையையும் நாவலையும் ஆராய்வதற்கு நாம் பயின்ற முறைகள், ஒரு காலத்து மக்களின் எண்ணங்களையும் ஆசைகளையும் உருவாக்கும் ஏனைய ஆக்கங்களுக்கும் பொருந்துவனவே. நம் தலைமுறையினருட் பலர் ஓராண்டிலே வாசிக்கும் கவிதைகளிலும் ஒரு நாளிலே காணும் விளம்பரங்கள் அதிகம். ஆண்மை எனப்படுவது யாது, வீரம் எனப்படுவது யாது என்பன பற்றி அவ்விளம்பரங்கள் நமக்கு ஓயாது கற்பித்துக்கொண்டிருக்கின்றன. கற்பிப்பது எதுவாயினும் அது விமரிசனத்துக்கு உட்பட வேண்டியதே.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றியது நூல்நிலையத்தில் அன்று, மாணவர் விடுதியில். நண்பர் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பொதியில் ஒரு வாசனைக் குப்பி இருந்தது. அதன் பெட்டியிலே ஒரு பந்தயவீரன், முழங்கால் தரையைத் தொடுமளவுக்குத் தன் யந்திரத்தைச் சாய்த்து வளைவைக் கடந்துகொண்டிருந்தான். அறையிலிருந்த அறுவரும் முறையே முகர்ந்து பார்த்தோம். ஒருவர் புதிய சவர்க்காரம் என்றார். மற்றொருவர் சலூனில் முகம் வழித்தபின் தடவும் திரவம் என்றார். பந்தயம் என்று எவரும் சொல்லவில்லை. எங்களுள் ஒருவர், முன்பொருமுறை மோட்டார் சைக்கிளில் வீழ்ந்து மூன்று மாதம் மருத்துவமனையிற் கிடந்தவர், குப்பியை மூக்கருகே சற்றுநேரம் வைத்திருந்துவிட்டு, “இதில பெற்றோல் மணக்கேல்லை, மச்சான்” என்று கூறித் திருப்பிக் கொடுத்தார். அனைவரும் சிரித்தோம். ஆயினும் அவர் கூறியதே அந்தப் பொருள் பற்றிய முதலாவது விமரிசனம் என்பதும், நக்கீரர் எழுப்பிய ஐயத்தினின்றும் அது வேறுபட்டதன்று என்பதும் பின்னர் எனக்குப் புலப்பட்டன.

பந்தயத்துக்கு மணம் உண்டு என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நேரிற் கண்டவர்கள் தம் நினைவுகளைக் கூறும்போது, யந்திரத்தின் ஓசைக்கு அடுத்தபடியாக எடுத்துரைப்பது ஆமணக்கெண்ணெய் எரியும் மணத்தையே. இது நமக்கு வியப்பளிக்கலாம். பேதி மருந்தாகப் பெரியோர் வாயில் ஊற்றிய அதே எண்ணெய்தான் ஐரோப்பியப் பந்தயத் திடல்களில் யந்திரங்களுக்கு வார்க்கப்பட்டது. உயர்ந்த வெப்பத்திலும் உலோகத்தை விட்டு எளிதில் அகலாது பற்றிநிற்கும் இயல்பு அதற்கு உண்டு. 1899ஆம் ஆண்டு லண்டனில் வேக்ஃபீல்ட் தொடங்கிய எண்ணெய் வணிக நிறுவனம் 1909இல் தன் எண்ணெய்க்குக் ‘காஸ்ட்ரோல்’ எனப் பெயரிட்டது. ஆமணக்கெண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. பந்தயத்துக்கென அந்நிறுவனம் விற்ற ‘காஸ்ட்ரோல் ஆர்’ பல தலைமுறைப் பந்தயவீரர்களின் உடைகளிலே ஊறிக் கிடந்தது. இவ்வெண்ணெய் பெற்றோலில் எளிதிற் கரையாது. எரிந்தபின் பிசினாகப் படிந்துவிடும். ஆதலால் யந்திரத்தைப் பிரித்துத் துப்புரவு செய்தல் வேண்டும். அதன் மணத்திற்குப் பின்னால் கறைபடிந்த கைகளும் கண்விழித்த இரவுகளும் இருந்தன என்பது இதனால் விளங்கும். ஆமணக்கை உலகில் மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதிலும் குஜராத் மாநிலமே முதன்மையானது. ஐரோப்பியரின் வீரவிளையாட்டுக்குரிய மணத்தின் ஒரு கூறு நம் அயலகத்து உழவனின் நிலத்தோடு தொடர்புடையது என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

ஆமணக்கெண்ணெயோடு பெற்றோல், சூடேறிய ரயர், வியர்வையில் நனைந்த தோலாடை என்பனவும் சேர்ந்ததே பந்தயத்தின் மணம். அதன் இறுதிக் கூறாக மருத்துவமனையின் கிருமிநாசினி மணத்தையும் சேர்த்துக்கொள்ளல் தகும். எந்தப் பந்தயவீரனின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொண்டாலும் அம்மணம் இல்லாத அத்தியாயம் இராது.

இனி, குப்பியினுள் இருப்பது யாது என நோக்குவோம். ஆடவருக்கென விற்கப்படும் வாசனைகளிற் பெருந்தொகையானவை ‘ஃபூஜேர்’ எனப்படும் வகையைச் சார்ந்தவை. பிரெஞ்சு மொழியில் அச்சொல் பன்னத்தைக் குறிக்கும். 1882ஆம் ஆண்டு ஊபிகான் நிறுவனத்துக்காகப் போல் பார்க்கே என்பவர் ‘ஃபூஜேர் ருவயால்’ என்னும் வாசனையை ஆக்கினார். பெர்கின் என்னும் ஆங்கில இரசாயனவியலாளர் 1868இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய கூமரின் என்னும் பொருள் அதிற் கலந்திருந்தது. புதிதாக வெட்டிய புல் உலரும்போது எழும் மணம் கூமரினுடையது. அதனோடு லவண்டர் பூவும் ஓக் மரப்பாசியும் சேர்ந்து இவ்வகையின் அடிப்படையாயின. பின்னர் சவர்க்காரங்களுக்கும் முகம் வழித்தபின் தடவும் திரவங்களுக்கும் இவ்வமைப்பே பயன்பட்டமையால், உலகெங்கும் சலூனின் மணமாக அது பரவிவிட்டது. எமது விடுதி நண்பர் சலூனை நினைத்தது அறியாமையாலன்று. வரலாற்றுக்கு ஒத்த முடிவையே அவர் மூக்கு எடுத்திருக்கின்றது.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பன்னத்துக்கு எடுத்துச் சொல்லக்கூடிய மணம் எதுவுமில்லை. மணமற்ற ஒரு தாவரத்துக்கு, அது மணக்குமாயின் எவ்வாறு மணக்கும் என்று எண்ணிப் பார்த்து ஒரு மணத்தைப் படைத்தார் பார்க்கே. காட்டின் நிழலும் ஈரமும் பசுமையும் அவருடைய கற்பனையினூடாக மணமாக வடிவெடுத்தன. இல்லாத ஒன்றை உள்ளதாக்கிக் காட்டும் இச்செயலைக் கலை என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பந்தயத்தின் பெயரைத் தாங்கிவரும் குப்பியின் நிலை வேறு. பந்தயத்துக்கு ஏற்கெனவே மணம் உண்டு. அந்த மணத்தை அகற்றிவிட்டு, வேறொரு மணத்தை வைத்து, அதற்குப் பந்தயத்தின் பெயரை இடுகின்றனர். முன்னையது கற்பனை, பின்னையது மறைப்பு. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தெளிவாகுமானால், வீரம் பேசும் கவிதைகள் பலவற்றின் தராதரத்தையும் நாம் எளிதில் நிர்ணயிக்கலாம்.

மறைப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிய ஒரு வரலாற்று நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். 1964ஆம் ஆண்டு ஃபபெர்ஜே நிறுவனம் ‘புரூட்’ என்னும் ஆடவர் வாசனையை வெளியிட்டது. அது பந்தயத்தை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டதன்று. எனினும் பந்தயவீரனையும் வாசனையையும் மக்கள் மனத்தில் ஒன்றிணைத்தமையில் அதற்குத் தனியிடம் உண்டு. லவண்டரும் ஜெரேனியமும் ஓக் மரப்பாசியும் வனிலாவும் கலந்த ஃபூஜேர் வகையே அதுவும். பச்சை நிறக் கண்ணாடிக் குப்பி, அதன் கழுத்தில் வெள்ளிநிறப் பதக்கம், இனிப்புக் குறைந்த சம்பேன் மதுவைக் குறிக்கும் பெயர் என்னும் இவையாவும் செல்வச் செழிப்பைச் சுட்டுவன. நிறுவனத்தின் பெயரே இரவல் பெற்றது. ரஷ்யப் பேரரசர்களுக்கு அணிகலன் செய்த ஃபபெர்ஜே குடும்பத்தோடு அதற்கு எத்தொடர்பும் இல்லை. அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்காக 1951இல் 25,000 டொலர் கொடுத்துச் சமரசம் செய்யப்பட்டது. பெயரை விலைக்கு வாங்கி அதன் புகழை விற்கும் வித்தை அந்நிறுவனத்துக்குப் புதியதன்று.

பின்னர் ‘புரூட் 33’ என்னும் மலிவுப் பதிப்பு வந்தது. மூல வாசனையில் நூற்றுக்கு 33 பங்கே அதில் உண்டு என்பதைப் பெயரே உணர்த்தியது. அதனை பிரித்தானியாவின் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுசென்ற தொலைக்காட்சி விளம்பரங்களிலே குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பரும், 1970களின் பிற்பகுதியில் அவரோடு மோட்டார் சைக்கிள் பந்தயவீரர் பரி ஷீனும் தோன்றினர். உடலெங்கும் தாராளமாகத் தெளித்துக்கொள்ளுமாறு அவர்கள் கூறினர். விளையாட்டுக் களத்தை விட்டு வந்து உடல் கழுவித் தூய்மையான பின்னரே புரூட் வருகின்றது. வியர்வையும் எண்ணெயும் நீரோடு போய்விட்ட பிறகு எஞ்சும் இடத்தையே அது நிரப்புகின்றது.

பரி ஷீன் யார்? 1950இல் லண்டனிற் பிறந்தவர். அவருடைய தந்தை அந்நகரின் அறுவைமருத்துவக் கல்லூரி ஒன்றில் யந்திரங்களைப் பராமரித்தவர். பந்தய யந்திரங்களைச் செப்பஞ்செய்வதிலும் கைதேர்ந்தவர். 1975 மார்ச் மாதம் அமெரிக்காவின் டேட்டோனாத் திடலில் மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியபோது ஷீனின் பின் ரயர் பழுதடைந்தது. தொடையெலும்பும் கையும் காறையெலும்பும் விலாவெலும்புகளும் முறிந்தன. தொலைக்காட்சிக்காக அவரைப்பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்றிருந்தவர்களின் ஒளிப்படக்கருவி அவ்விபத்தைப் பதிவுசெய்தது. ஏழு வாரங்களின்பின் அவர் மீண்டும் பந்தயத்தில் ஓடினார். 1976இலும் 1977இலும் சுசுகி யந்திரத்தில் 500 சீ.சீ. பிரிவின் உலகச் சம்பியனானார். 1982இல் சில்வர்ஸ்டோன் திடலில், பயிற்சியின்போது வழியிற் கிடந்த யந்திரமொன்றில் மோதி இரு கால்களும் நொறுங்கின. உலோகத் தகடுகளாலும் திருகாணிகளாலும் மருத்துவர்கள் அவற்றைப் பொருத்தினர். 1984இல் ஓய்வுபெற்ற அவர், பின்னர் அவுஸ்திரேலியாவிற் குடியேறி, 2003 மார்ச் மாதத்திற் புற்றுநோயால் மறைந்தார்.

டேட்டோனாவில் வீழ்ந்திராவிடினும் ஷீன் சிறந்த பந்தயவீரராகவே இருந்திருப்பார். ஆனால் பந்தயத்தைப் பற்றி எதுவும் அறியாதவர்களுக்கும் அவருடைய பெயர் தெரியவந்தமைக்கு அந்த வீழ்ச்சியும், எலும்புகளினூடே உலோகம் தெரியும் எக்ஸ்றே படங்களும் பெருங்காரணங்களாயின. நமது புறப்பாடல் மரபு வீரனின் மார்பிற்பட்ட காயத்தை விழுப்புண் என்று போற்றியது. அந்தப் போற்றுதலில் அரசருடைய நலன் கலந்திருந்தது என்று நம் பேராசிரியர்கள் விளக்கியிருக்கின்றனர். ஆயினும் புண்ணைப் புண் என்று சொல்லும் நேர்மையேனும் அம்மரபில் இருந்தது. விளம்பரத்தில் நிகழ்வதோ இதற்கு மாறானது. காயம் புகழைத் தந்தது. புகழ் குப்பியை விற்றது. குப்பியின் மணம் காயத்தை மறக்கச் செய்தது. மூன்றாவது படியில் நின்று பார்ப்பவனுக்கு முதலாவது படி தெரிவதில்லை.

இதனினும் முக்கியமானது மற்றொரு செய்தி. மான் தீவிலே பொதுவீதிகளில் நடைபெறும் ரீ.ரீ. பந்தயம் உலகிலேயே மிக ஆபத்தானதெனப் பெயர்பெற்றது. ஒரு சுற்று ஏறத்தாழ 60 கிலோமீற்றர். கற்சுவர்களுக்கும் வீடுகளுக்கும் இடையே அவ்வழி செல்கின்றது. 1911 முதல் அவ்வழியில் உயிரிழந்த ஓட்டுநர்களின் தொகை 250ஐத் தாண்டும். 1976 வரை அப்பந்தயம் உலகச் சம்பியன் போட்டிக்குரிய புள்ளிகளை வழங்கியது. எனவே சம்பியன் பட்டத்தை நாடுபவர்கள் விரும்பினும் விரும்பாவிடினும் அங்கு செல்லவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. 1972இல் இத்தாலியரான ஜில்பேர்ட்டோ பார்லொட்டி அங்கு இறந்தபின், அவருடைய நண்பரும் பல முறை உலகச் சம்பியனுமான ஜாக்கோமோ அகொஸ்தினி இனி அங்கு ஓடுவதில்லை என முடிவுசெய்தார். ஷீன் அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1971இல், ஒரே ஒரு முறை அங்கு ஓடி, 125 சீ.சீ. பந்தயத்தில் வீழ்ந்து, அதன்பின் அப்பக்கம் திரும்பவில்லை. அவ்விடத்தின் ஆபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியமையால் மரபை விரும்பும் இரசிகர்கள் பலருடைய சினத்துக்கும் ஆளானார். 1976ஆம் ஆண்டுக்குப்பின் அப்பந்தயம் உலகச் சம்பியன் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. புள்ளிகளுக்காக உயிரைப் பணயம் வைக்கும் நிர்ப்பந்தம், ஓட்டுநர்களின் மறுப்பினாலேயே முடிவுக்கு வந்தது எனலாம்.

தொழிலாளன் ஒருவன் பாதுகாப்பற்ற சுரங்கத்தில் இறங்க மறுப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. யந்திர நிறுவனங்களும் பந்தய அமைப்பாளர்களும் வகுத்த விதியை, உடலை மூலதனமாகக் கொண்ட மனிதர்கள் எதிர்த்தனர். ஷீனின் வாழ்விலே துணிவு என்று சுட்டத்தக்க செயல் எது என்று என்னைக் கேட்டால், டேட்டோனாவின்பின் மீண்டும் யந்திரத்தில் ஏறியதோடு மான் தீவுக்குச் செல்ல மறுத்ததையும் இணைத்தே கூறுவேன். அச்சத்தை அறிந்து, அதனை அளந்து, இவ்விடத்தில் ஓடுவேன், அவ்விடத்தில் ஓடேன் என்று முடிவுசெய்யும் பகுத்தறிவே அவருடைய வீரத்தின் உட்பொருள். பந்தய வாசனைகளின் விளம்பரங்களில் இதற்கு இடமே இல்லை. அவை காட்டும் ஆடவன் எதற்கும் அஞ்சாதவன், எதையும் மறுக்காதவன், வீழாதவன். மெய்யான பந்தயவீரனை அவனுடைய பெயரிலேயே அவை பொய்யாக்கிவிடுகின்றன.

இவ்விடத்தில் இரண்டு மறுப்புகளை எதிர்நோக்கவேண்டியுள்ளது. முதலாவது, கலைக்கு நேர்ப்பிரதி வேண்டியதில்லை என்பது. பெற்றோல் மணத்தை உடலிற் பூசிக்கொள்ள யார் விரும்புவர் என்று கேட்கலாம். கவிதையில் உழைப்பாளியின் வியர்வையை மட்டும் தேடும் வரட்டு யதார்த்தவாதத்தை நாம் ஏற்காததுபோல, குப்பியிலும் எண்ணெயைத் தேடுதல் தகாது என்று வாதிடலாம். வாதம் நேர்மையானதே. ஆனால் வாசனைக் கலையின் வரலாறே இதற்கு விடை தருகின்றது. 1988இல் டியோர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபரன்ஹைற்’ என்னும் ஆடவர் வாசனையிலே பெற்றோலை நினைவூட்டும் கூறு ஒன்று எடுப்பாக அமைந்திருந்தது; வயலெற் இலையின் மணமும் தோலின் மணமும் அதனோடு இணைந்தன. பலர் அதனை விரும்பி வாங்கினர். 1998இல் அனிக் மெனார்டோ என்னும் பெண்மணி ஆக்கிய ‘புல்கரி பிளாக்’ இறப்பரின் மணத்தைத் தன் மையமாகக் கொண்டது. குப்பியின் விளிம்பிலும் கறுப்பு இறப்பர் வளையம் இடப்பட்டிருந்தது. இவ்விரண்டும் பந்தயத்தின் பெயரைச் சொல்லி வரவில்லை. ஆயினும் யந்திர யுகத்தின் மணங்களை எடுத்து, அவற்றை வேறு மணங்களோடு மோதவிட்டு, புதிய அனுபவமாக்கிய முயற்சிகள் இவை. எனவே பெற்றோலும் இறப்பரும் அழகியலுக்கு அப்பாற்பட்டவை என்ற வாதம் நிலைக்காது. நாம் வேண்டுவது நேர்ப்பிரதியை அன்று. எடுத்துக்கொண்ட பொருளோடு ஏதேனும் ஓர் உண்மையான தொடர்பை மட்டுமே.

பெயரை மட்டும் நம்பிய முயற்சிகளுக்கு நேர்ந்த கதியும் கருதத்தக்கது. 1990களிலே அமெரிக்க மோட்டார் சைக்கிள் நிறுவனமான ஹார்லி டேவிட்சனின் பெயரில் ஆடவர் வாசனைகள் விற்பனைக்கு வந்தன. அந்த யந்திரங்களை உயிராக நேசித்தவர்களே அவற்றை விரும்பவில்லை. பெயரை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டியமைக்கு உதாரணமாகச் சந்தைப்படுத்தல் நூல்கள் இன்றும் இதனைக் குறிப்பிடுகின்றன. வணிகவியலாளர் இதனை உத்தியிலே நேர்ந்த தவறாக மட்டும் காண்கின்றனர். விமரிசகனுக்கு இதில் வேறொரு பாடம் தெரிகின்றது. அந்த யந்திரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அதன் மணம் எது என்று முன்பே தெரிந்திருந்தது. எனவே அவர்களை ஏமாற்ற இயலவில்லை. இத்தாலிய டுக்காட்டியின் பெயரிலும் வாசனைகள் வந்துள்ளன. பொருளை அறியாதவனிடத்திலேயே பெயர் தனித்து விலைபோகின்றது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இவையாவும் முதலாளித்துவத்தின் ஏமாற்று என்று ஒரே வசனத்திற் கூறிக் கட்டுரையை முடித்துவிடலாம். நம்மிடையே அவ்வாறு முடிக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் மலிவான புரூட் 33 குப்பியை வாங்கிய தொழிலாள இளைஞன் வெறும் ஏமாளியா? அக்காலத்துப் பிரித்தானியச் சாதாரண ஆடவனுக்கு வாசனை பூசுவது வெட்கத்துக்குரிய செயல். பூசியவன் பெண்தன்மை உடையவன் என்று நகைக்கப்பட்டான். கூப்பரும் ஷீனும் அந்த வெட்கத்தை நீக்கினர். நாளெல்லாம் தொழிற்சாலையில் உழைத்தவன் மாலையில் தானும் இனிமையாக மணக்க விரும்பினான் என்றால், அவ்விருப்பத்தில் இழிவு எதுவுமில்லை. தன் உடலைப் பேணும் உரிமை அவனுக்கும் உண்டு. அந்த அளவில் அவ்விளம்பரங்கள் ஒரு கதவைத் திறந்துவிட்டன என்பதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் அக்கதவு எந்த நிபந்தனையின்மேல் திறக்கப்பட்டது என்பதையும் நோக்கவேண்டும். மென்மையை நாடும் ஆடவன் அதற்காக வன்மையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. லவண்டர் பூவின் மணத்தை விரும்புகின்றேன் என்று அவன் நேரே சொல்லவில்லை. எலும்பு முறிந்தும் அஞ்சாதவன் பூசுவதைப் பூசுகின்றேன் என்று சொன்னான். இதுவே பந்தய வாசனையின் உட்பொருள் என்று கருதுகின்றேன். பந்தயவீரன் அந்த மணத்தின் ஊற்று அல்லன். அந்த மணத்தைப் பூசுவதற்கான அனுமதிச்சீட்டு. மணம் எங்கிருந்தும் வரலாம். அனுமதி மட்டும் அவனிடமிருந்து வரவேண்டும். அனுமதி தருபவன் ஐயமோ அச்சமோ உடையவனாயின் சீட்டு செல்லுபடியாகாது. ஆகவேதான் அவனுடைய காயமும் மறுப்பும் எண்ணெய்க் கறையும் ஒருங்கே நீக்கப்படுகின்றன.

தமிழ் மரபில் இத்தகைய அனுமதிச்சீட்டு வேண்டியிருக்கவில்லை. போரின் ஒவ்வொரு நிலைக்கும் நம்மவர் இட்ட பெயர்கள் பூக்களின் பெயர்கள். வெட்சியும் வஞ்சியும் உழிஞையும் தும்பையும் வாகையும் சூடியே ஆடவர் களம் புகுந்தனர். மார்பிற் சந்தனம் பூசியமையால் எவருடைய ஆண்மையும் குறைந்ததாகக் கருதப்படவில்லை. அக்காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. அந்தப் பூக்களின் கீழே எத்தனை வீடுகள் எரிந்தன என்பதை அதே பாடல்கள் மறைக்கவில்லை. எனினும் ஆடவனுக்கும் நறுமணத்துக்கும் இடையில் வெட்கம் புகுந்தது இயற்கையின் விதியன்று, குறிப்பிட்டதொரு சமுதாயத்தின் வரலாற்று விளைவு என்பதை உணர இவ்வொப்பீடு உதவும். அந்த வெட்கத்தை முதலில் வளர்த்துப் பின்னர் அதற்கு மருந்து விற்கும் வணிகத்தை, வெட்கத்தோடு சேர்த்தே இன்று நாமும் இறக்குமதி செய்துகொண்டிருக்கின்றோம். நமது வீதிகளில் உயிரிழப்போருள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பெருந்தொகையினர் என்பதை அறிந்துகொண்டே, வீழாதவனின் படத்தைப் பெட்டியில் ஒட்டி விற்பவர்களிடம் ஆண்மையைக் கற்கின்றோம்.

இன்று பந்தயத்தின் பழைய மணமும் மறைந்துவருகின்றது. 2002இல் உலகச் சம்பியன் போட்டியின் உயர்பிரிவிலே நான்கடிப்பு யந்திரங்கள் புகுந்தன. 2011ஆம் ஆண்டின் முடிவில் 125 சீ.சீ. பிரிவும் நீங்க, பெற்றோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் இரண்டடிப்பு யந்திரங்கள் அப்போட்டியினின்றும் முற்றாக விலகின. பழைய யந்திரங்களைப் பேணுவோர் கூடும் இடங்களில் மட்டுமே ஆமணக்கெண்ணெய் எரியும் மணம் இப்போது எழுகின்றது. ஒரு காலத்தின் மணம் அழிந்துபோகும்போது அதனைப் பாதுகாக்கும் ஆற்றல் வாசனைக் கலைஞனுக்கு உண்டு. பன்னத்துக்கு இல்லாத மணத்தையே படைத்துக் காட்டிய கலை அது. உள்ளதை நினைவில் நிறுத்துவது அதற்கு அரிதன்று. ஆமணக்கெண்ணெயின் கனத்த மணமும் சூடேறிய இறப்பரும் தோலும், அவற்றின் இறுதியில் மருத்துவமனையின் குளிர்ந்த தூய்மையும் அடுத்தடுத்து எழும் ஒரு வாசனை ஆக்கப்படுமாயின், அதனைப் பந்தயத்தின் மணம் என்று ஒப்புக்கொள்ள நான் ஆயத்தமாயிருக்கின்றேன். அது விலைபோகுமா என்பது வேறு கேள்வி.

விடுதியிலே அந்தக் குப்பி இப்போது பாதியளவு தீர்ந்துவிட்டது. திருமண வீட்டுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் செல்லும்போது நாங்கள் எல்லோரும் அதனை இரவல் வாங்கிப் பூசியிருக்கின்றோம், நானும் பூசியிருக்கின்றேன். நல்ல மணந்தான். காலில் உலோகத் தகட்டோடு நடக்கும் நண்பரும் பூசுகின்றார். பூசுமுன் குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் படமுள்ள பெட்டியை மேசையின் மறுபக்கம் திருப்பி வைத்துவிடுகின்றார்.